மதச்சார்பின்மையும் லௌகீகமயமாதலும்: சமயம் செல்வாக்கிழத்தல் என்பதன் பொருள் என்ன?

செக்கியூலரிஸம் என்ற சொல் நமது குத்பா மேடைகளிலும் அரசியல் மேடைகளிலும் அடிக்கடி பாவிக்கப்படுகின்றது. ஆனால் இரு மேடைகளிலும் அதற்கு ஒரே பொருள் கிடையாது. குத்பாவில் அது இறைமறுப்பு, ஒழுக்கச் சீர்கேடு, மேற்குமயம் ஆகிய எல்லாவற்றுக்குமான கூட்டுப்பெயர். அரசியல் மேடையில் அதே சொல், சகல சமயத்தவரையும் அரசு சமமாக நடத்த வேண்டும் என்ற கோரிக்கையாக மாறிவிடுகிறது. வெள்ளிக்கிழமை கண்டிக்கப்பட்ட ஒன்று திங்கட்கிழமை உரிமையாகக் கோரப்படுகிறது. தான் எதனை எதிர்க்கிறது, எதனைக் கேட்கிறது என்பதில் தெளிவில்லாத ஒரு சிறுபான்மைச் சமூகம் அதற்குக் கொடுக்க நேரும் விலை பெரிது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றையும், அதற்குள் கலந்து கிடக்கும் வெவ்வேறு பொருள்களையும் நிதானமாகப் பிரித்து நோக்குவது அவசியமாகும்.

சொல்லின் வரலாறு

இதன் மூலம் 'ஸேகுலும்' என்ற லத்தீன் சொல். காலம், யுகம், இந்த உலகம் என்பன அதன் பொருள்கள். மத்திய கால ஐரோப்பாவில் மடாலயத்துக்குள் வாழ்ந்த துறவிகளிலிருந்து, ஊருக்குள் மக்களிடையே பணியாற்றிய பாதிரிமாரை வேறுபடுத்திக் காட்ட இச்சொல் பயன்பட்டது. அதாவது 'செக்கியூலர்' என அழைக்கப்பட்டவரும் ஒரு மதகுருவே. பின்னர் புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தையடுத்து நடந்த போர்களின் முடிவில், 1648 ஆம் ஆண்டின் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைக் காலப் பகுதியில், திருச்சபையின் நிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் அரசர்களின் கைக்கு மாறியதை 'செக்கியூலரைஸேஷன்' என்றனர். ஆக ஆரம்பத்தில் அது நம்பிக்கையைப் பற்றிய சொல்லாக இருக்கவில்லை. சொத்தும் அதிகாரமும் கைமாறியதைக் குறித்த ஒரு சட்டச் சொல்லாகவே இருந்தது.

'செக்கியூலரிஸம்' என்பது அதனிலும் மிகப் பிந்தியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்பவர் 1851 இல் அதனை உருவாக்கினார். தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டில் 1842 இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். இவ்வுலக வாழ்வின் மேம்பாட்டை சமயத்தின் துணையின்றியே சிந்திக்கலாம் என்ற கொள்கைக்கு ஒரு பெயர் அவருக்குத் தேவைப்பட்டது.

இச்சொல் முஸ்லிம் உலகுக்கு வந்தபோது அறபியில் 'உலகம்' என்ற சொல்லோடு தொடர்புபட்ட 'அல்மானிய்யா' என்று ஆனது. துருக்கியர் பிரெஞ்சுச் சொல்லைத் தழுவி 'லாயிக்லிக்' என்றனர். உருதுவிலோ 'லாதீனிய்யத்', அதாவது 'தீன் அற்ற நிலை' என்ற பெயர்ப்பு பரவியது. தமிழிலும் மதச்சார்பின்மை, சமயச்சார்பின்மை, மத ஒதுக்கல் எனப் பல பெயர்ப்புகள் புழக்கத்தில் உள்ளன. எந்தப் பெயர்ப்பை நாம் கேட்டு வளர்ந்தோமோ அதற்கேற்பவே நமது அபிப்பிராயமும் முன்கூட்டியே அமைந்துவிடுகிறது.

கொள்கை வேறு, சமூக மாற்றம் வேறு

இக்கட்டுரையில் மதச்சார்பின்மை என்பது அரசு பற்றிய ஒரு கொள்கையைக் குறிக்கும். லௌகீகமயமாதல் என்பது சமூகத்தில் நிகழும் ஒரு நீண்டகால மாற்றத்தைக் குறிக்கும். இரண்டும் ஒன்றாகவே வரவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதற்கு உலக நாடுகளே சான்று.

ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு 1791 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அரச மதமொன்றை ஏற்படுத்துவதைத் தடை செய்தது. இருந்தும் செல்வந்த நாடுகளுள் சமயப் பற்று அதிகமுள்ள ஒன்றாக அது நீண்ட காலம் விளங்கியது. மறுபுறம் இங்கிலாந்தில் இன்றும் அரச திருச்சபை உண்டு. மன்னரே அதன் உச்ச ஆளுநர். பிரபுக்கள் சபையில் 26 ஆயர்களுக்கு ஆசனம் உண்டு. ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்பீட்டில் தம்மைக் கிறிஸ்தவர் எனக் குறிப்பிட்டோர் 2001 இல் 71.7 வீதமாகவும் 2011 இல் 59.3 வீதமாகவும் இருந்து, 2021 இல் 46.2 வீதமாகக் குறைந்தனர். 'எச்சமயமும் இல்லை' என்றோர் அதே 2021 இல் 37.2 வீதம். இந்தியா 1976 இல் தனது அரசியலமைப்பின் முகப்புரையில் மதச்சார்பற்ற என்ற சொல்லைச் சேர்த்தது. அதனால் இந்திய மக்களின் சமய வாழ்வு குறைந்துவிடவில்லை.

ஆகவே அரசு மதச்சார்பற்றதாக இருந்தால் மக்கள் சமயத்தைக் கைவிடுவர் என்பதும், அரசு ஒரு சமயத்தைப் போஷித்தால் அச்சமயம் மக்களிடம் தழைக்கும் என்பதும் அனுபவத்தில் நிரூபணமாகாதவை.

லௌகீகமயமாதலுக்குள் மூன்று விடயங்கள்

சமூகவியலாளர் ஹொசே கசனோவா 1994 இல் வெளியிட்ட நூலில், லௌகீகமயமாதல் என்று ஒரே பெயரில் அழைக்கப்படுவது உண்மையில் மூன்று தனித்தனி விடயங்கள் என எடுத்துக் காட்டினார்.

முதலாவது, துறைகள் பிரிந்து செல்லல். ஒரு காலத்தில் சமய நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த கல்வி, மருத்துவம், நீதி, பிறப்பு இறப்புப் பதிவு போன்றவை தமக்கெனத் தனி விதிகளும் தனி நிபுணர்களும் கொண்ட துறைகளாதல். இரண்டாவது, நம்பிக்கையும் வணக்க வழிபாடும் குறைதல். மூன்றாவது, சமயம் வீட்டுக்குள்ளும் மனதுக்குள்ளும் ஒதுங்கி, பொது விவகாரங்களில் பேசாதிருத்தல்.

இம்மூன்றில் முதலாவது மட்டுமே நவீன சமூகங்கள் அனைத்திலும் ஏதோவொரு அளவில் நிகழ்ந்துள்ளது என்பது கசனோவாவின் வாதம். மற்றைய இரண்டும் சில இடங்களில் நிகழ்ந்தன, சில இடங்களில் நிகழவில்லை.

முதலாவதற்கு இங்கிலாந்தின் 19 ஆம் நூற்றாண்டு நல்ல உதாரணம். 1837 இல் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை அரசு ஏற்றது. தேவாலயத்துக்கு வெளியே சட்டபூர்வமாகத் திருமணம் செய்யவும் அதே ஆண்டில் வழி பிறந்தது. 1857 இல் விவாகரத்து வழக்குகள் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து அரச நீதிமன்றத்துக்கு மாறின. 1870 இல் ஆரம்பக் கல்விக்கான பாடசாலைச் சபைகள் உருவாகின. 1871 இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சமயத் தகைமை பார்க்கும் விதி நீக்கப்பட்டது. அந்நாட்களில் தேவாலயங்கள் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. பக்தி குறையாத காலத்திலேயே அதிகாரம் ஒவ்வொன்றாகக் கைமாறியது. மக்கள் பெருமளவில் விலகியது அதற்குப் பல தசாப்தங்களின் பின்னரே.

ஏன் நிகழ்கிறது?

ஜேர்மனியச் சமூகவியலாளர் மெக்ஸ் வெபர், உலகம் தன் மாயத்தன்மையை இழக்கிறது என்ற கருத்தை 1917 இல் ஆற்றிய உரையொன்றில் முன்வைத்தார். எதையும் கணக்கிட்டுக் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணம் வலுக்கும்போது, விளக்க முடியாதவற்றுக்கு இருந்த இடம் சுருங்குகிறது என்பது அதன் சாரம். பிரித்தானியரான பிரையன் வில்சன் 1966 இல் வேறொரு கோணத்தைக் காட்டினார். சமயம் ஊரோடும் உறவோடும் பின்னிப் பிணைந்தது. ஒருவரையொருவர் அறிந்த ஊர் வாழ்வு கலைந்து, முகமறியா நகர வாழ்வு வரும்போது சமயத்தின் பிடியும் தளர்கிறது. பீட்டர் பேர்ஜர் 1967 இல், பல நம்பிக்கைகள் அருகருகே வாழும்போது எந்த நம்பிக்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்க முடியாது போகிறது என்றார். பிப்பா நொரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் ஆகிய இருவரும் 2004 இல், பசி, நோய், போர், முதுமை பற்றிய அச்சம் குறைந்து வாழ்வில் பாதுகாப்பு உணர்வு கூடும் சமூகங்களிலேயே சமய ஈடுபாடு குறைகிறது என வாதித்தனர்.

இவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. அது சமய நிறுவனங்களின் சொந்த நடத்தை. அயர்லாந்து இதற்குத் தெளிவான சான்று. 1937 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அங்கு கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒரு விசேட இடத்தை வழங்கியது. பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் அநாதை இல்லங்களும் பெரும்பாலும் திருச்சபையின் கையிலேயே இருந்தன. விசேட இடம் வழங்கிய அந்த வாசகம் 1972 இல் மக்கள் தீர்ப்பின் மூலம் நீக்கப்பட்ட பின்னரும் மக்களின் பக்தி உடனே குறையவில்லை. 1995 இல் விவாகரத்தை அனுமதிக்கும் பிரேரணை மிகச் சொற்ப வாக்குகளாலேயே வென்றது. ஆனால் திருச்சபை நிறுவனங்களில் சிறுவர்கள் பல்லாண்டு காலம் துன்புறுத்தப்பட்டதும், பொறுப்பிலிருந்தோர் அதனை மூடி மறைத்ததும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 2009 இல் இரு உத்தியோகபூர்வ விசாரணை அறிக்கைகள் அவற்றைப் பதிவு செய்தன. 1961 இல் சனத்தொகையில் ஏறத்தாழ 95 வீதமாக இருந்த கத்தோலிக்கர் 2022 இல் 69 வீதமாகினர். கருக்கலைப்புத் தடையை 2018 இல் மக்களே வாக்களித்து நீக்கினர்.

நாத்திகப் பிரசாரத்தால் மட்டும் அயர்லாந்தில் இம்மாற்றம் நிகழ்ந்தது எனக் கூற முடியாது. கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தை அனுபவித்த ஒரு நிறுவனம், தன் பெயரைக் காப்பதற்காகப் பலவீனமானவர்களைக் கைவிட்டமை அதில் பெரும் பங்கு வகித்தது. சமய நிறுவனங்களைக் காக்க விரும்பும் எவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய பாடம் இது.

கோட்பாடு சந்தித்த எதிர்வாதங்கள்

நவீனத்துவம் வளர வளர சமயம் தேயும் என்பது 1960 களில் ஏறக்குறைய உறுதியான விதியாகக் கருதப்பட்டது. 1979 ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியும், போலந்தில் கம்யூனிஸ ஆட்சிக்கு எதிரான தொழிலாளர் இயக்கத்துக்குக் கத்தோலிக்கத் திருச்சபை அளித்த ஆதரவும் இந்நம்பிக்கையை அசைத்தன. தன் முந்தைய கருத்தை பேர்ஜரே மாற்றிக்கொண்டார். 1999 இல் அவர் தொகுத்த நூல், உலகம் பெருமளவில் சமயப் பற்றுடனேயே இருக்கிறது என்பதை மையமாகக் கொண்டது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரொட்னி ஸ்டார்க், பண்டைய ஐரோப்பாவில் எல்லோரும் பக்திமான்களாக இருந்தனர் என்பதே ஒரு கற்பனை என்றார். இல்லாத பொற்காலத்தை வைத்து இன்றைய வீழ்ச்சியை அளக்க முடியாது என்பது அவரது வாதம்.

முஸ்லிம் சிந்தனையாளர்களும் இவ்விவாதத்துக்குப் பங்களித்துள்ளனர். எகிப்தியரான அப்துல் வஹாப் அல்மஸீரி 2002 இல் வெளியிட்ட இரு பாகங்கள் கொண்ட நூலில், 'பகுதி' மதச்சார்பின்மை, 'முழுமையான' மதச்சார்பின்மை என இரண்டாகப் பிரித்தார். முதலாவது, அரசையும் சமயத்தையும் வேறாக வைக்கும் ஓர் ஏற்பாடு. இரண்டாவது, பொது வாழ்விலும் தனி வாழ்விலும் எல்லா விழுமியங்களையும் அகற்றி, மனிதனையும் இயற்கையையும் வெறும் பயன்படு பொருளாக மாற்றும் உலக நோக்கு. முதலாவதோடு உரையாட முடியும், உண்மையான ஆபத்து இரண்டாவதிலேயே உள்ளது என்பது அவரது பகுப்பின் பயன். தலால் அஸத் 2003 இல் எழுதிய நூல், மதச்சார்பற்ற அரசு எப்போதும் நடுநிலையானது என்ற எண்ணத்தையே கேள்விக்குட்படுத்தியது. எது சமயம், எது சமயமல்ல என்பதை வரையறுக்கும் அதிகாரத்தை அத்தகைய அரசு தானே எடுத்துக்கொள்கிறது என அவர் சுட்டினார்.

துருக்கி இதற்குப் பொருத்தமான உதாரணம். 1924 மார்ச் 3 ஆம் திகதி கிலாபத் ஒழிக்கப்பட்டது. அதே நாளிலேயே பள்ளிவாசல்களையும் இமாம்களையும் நிர்வகிக்க 'தியானெத்' என்ற அரச நிறுவனமும் ஏற்படுத்தப்பட்டது. 1932 இல் அதான் துருக்கிய மொழியில் சொல்லப்பட வேண்டும் என்ற நடைமுறை வந்து, 1950 இல் ஆட்சி மாறியதும் நீங்கியது. சமயத்தை அரசிலிருந்து பிரிப்பதாகக் கூறிய ஆட்சி, உண்மையில் சமயத்தை அரசின் கீழ் வைத்தது. பிற்காலத்தில் சமயப் பற்றுள்ள அரசியல் அங்கு மீண்டும் எழுந்தமை, சட்டத்தின் பலத்தால் மட்டும் ஒரு சமூகத்தை லௌகீகமயமாக்க முடியாது என்பதைக் காட்டியது.

இலங்கையில் நிலைமை

இலங்கை மதச்சார்பற்ற அரசு அல்ல. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்குகிறது. அதேவேளை 10 ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, சமயச் சுதந்திரத்தையும், 14(1)(உ) உறுப்புரை தன் சமயத்தைப் பின்பற்றி வெளிப்படுத்தும் உரிமையையும் உறுதி செய்கின்றன. 2009 இல் கெலப் நிறுவனம் நடத்திய ஆய்வில், அன்றாட வாழ்வில் சமயம் முக்கியமானது என இலங்கையரில் 99 வீதமானோர் கூறினர். சுவீடனில் அவ்வாறு கூறியோர் 17 வீதம் மட்டுமே. கசனோவாவின் இரண்டாவது, மூன்றாவது பொருள்களில் பார்த்தால் இங்கு லௌகீகமயமாதல் நிகழவில்லை எனலாம். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகப் போயா தினங்களையே வார விடுமுறையாக்கிப் பார்த்த நாடு இது.

ஆனால் முதலாவது பொருளில் அது வெகுகாலத்துக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாகின. அவற்றில் பெரும்பாலானவை கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு உரியவை. அதன் பின்னர் சமயம் பாடசாலையை நடத்தும் சக்தியாக இல்லாமல், நேரசூசியில் ஒரு பாடமாகவும் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு வினாத்தாளாகவும் ஆனது.

நமது தனியார் சட்டமும் இதற்கு விலக்கல்ல. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாகம், விவாகரத்துச் சட்டம் பாராளுமன்றம் இயற்றிய சட்டமாகும். காதி நீதிமன்றத் தீர்ப்பை காதிகள் சபைக்கும், அங்கிருந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் கொண்டு செல்லலாம். காதியின் தீர்ப்புக்கு நாட்டில் வலு கிடைப்பது அரசின் சட்டத்தினாலேயே.

சமூகத்துக்கு இதில் என்ன?

முதலில் அரசு பற்றிய பக்கத்தைப் பார்ப்போம். கொவிட் காலத்தில் 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, தொற்றினால் மரணித்த அனைவரையும் தகனம் செய்யுமாறு கட்டாயப்படுத்தியது. நல்லடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்ற காரணம் கூறப்பட்டது. 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களைக் காரணம் கூறாமலேயே நிராகரித்தது. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்தப் பத்து மாதங்களும் நாம் அரசிடம் என்ன கேட்டோம்? மருத்துவ விடயத்தை மருத்துவ விஞ்ஞானத்தின்படி தீர்மானியுங்கள், அதற்குள் ஒரு சமூகத்தின் மீதான வெறுப்பை நுழைக்காதீர்கள், எங்கள் மனச்சாட்சிக்கு அரசியலமைப்பு தந்த பாதுகாப்பை மதியுங்கள் என்றே கேட்டோம். துறைகள் தத்தமது விதிப்படி இயங்க வேண்டும், அரசு சமயங்களிடையே பாரபட்சம் காட்டக் கூடாது என்ற கோரிக்கையே அது. ஜனாஸாவை மார்க்கப்படி அடக்கம் செய்வதற்காக நாம் முன்வைத்த அந்த வாதத்துக்குப் பெயர், அல்மஸீரியின் பகுப்பில், பகுதி மதச்சார்பின்மையாகும். தனக்குக் கேடயமாக இருக்கும் ஒன்றை, பெயர் ஒற்றுமையினால் மட்டும் தன் எதிரியாகக் காண்பது எந்தச் சிறுபான்மைக்கும் ஆபத்தானது.

அடுத்து சமூகத்தின் உட்பக்கம். பள்ளிவாசல்களின் எண்ணிக்கை, ஜும்ஆவுக்கு வருவோரின் தொகை, ஆடையில் தெரியும் மாற்றம் ஆகியவற்றை வைத்து நமது சமூகம் லௌகீகமயமாகவில்லை என்று முடிவு செய்கிறோம். இவை இரண்டாவது பொருளின் அளவுகோல்கள் மட்டுமே. சமயம் வாழ்வின் ஒரு பிரிவாக ஒடுங்கி, ஏனைய பிரிவுகளில் பேச்சிழந்து போவதை இவ்வளவுகோல் காட்டாது. கைக்கூலி இதற்கு நல்ல உதாரணம். மார்க்கம் மணமகனின் மீது மஹரைக் கடமையாக்கியது. ஆனால் பெண் தரப்பு கொடுக்கும் கைக்கூலி எவ்வளவு வேரூன்றியிருந்தது என்றால், 1951 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மனைவி அதனை மீளக் கோரும் உரிமையையும் வழங்க வேண்டியிருந்தது. கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தந்தையும் சகோதரர்களும் இளமையைத் தொலைப்பது இன்றும் தொடர்கிறது. நிகாஹ் மஜ்லிஸில் ஓதப்படும் குத்பாவுக்கும், அதற்கு முன் பேசி முடிக்கப்பட்ட கணக்குக்கும் இடையில் தொடர்பு இருப்பதில்லை.

இப்பழக்கம் நவீனத்துவத்தின் விளைவல்ல, மிகப் பழையது. ஸ்டார்க் சொன்னதுபோல, சமயம் எல்லாவற்றையும் ஆண்ட ஒரு காலம் நமக்கும் இருக்கவில்லை. எனவே 'அன்று எல்லாம் சரியாக இருந்தது, செக்கியூலரிஸம் வந்து கெடுத்துவிட்டது' என்ற விளக்கம் நமக்கு உதவாது. சமயத்தின் செல்வாக்கு ஒவ்வொரு துறையிலும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டியது. வியாபாரத்தில் நிறையிலும் கடனிலும் அது பேசுகிறதா? வாரிசுச் சொத்தில் சகோதரிக்குரிய பங்கு அவள் கேட்காமலே வந்து சேர்கிறதா? பள்ளிவாசல் நிர்வாகத்தின் கணக்கு ஜமாஅத்தார் முன் வைக்கப்படுகிறதா? காதியின் முன் நிற்கும் பெண்ணின் முறைப்பாடு முழுமையாகச் செவிமடுக்கப்படுகிறதா?

இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலே நமது சமூகத்தில் சமயத்தின் உண்மையான செல்வாக்கைச் சொல்லும். அயர்லாந்தில் தேவாலயங்கள் நிரம்பி வழிந்த தசாப்தங்களிலேயே மூடிய கதவுகளுக்குப் பின்னால் அநீதி நிகழ்ந்துகொண்டிருந்தது. அது வெளியே தெரிந்தபோது அடுத்த தலைமுறை திரும்பி வரவில்லை. அரசிடம் நாம் கோரும் நீதியை நமது நிறுவனங்களுக்குள்ளும் நிலைநாட்டுவது, செக்கியூலரிஸத்துக்கு எதிரான ஆயிரம் உரைகளை விடவும் மார்க்கத்தின் செல்வாக்கைக் காக்கும்.